பெரும்போரை மேசைக்குக் கொண்டுவர

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை ஆட்டத்தில் பெரிய போர் நடத்தப் போகும் நண்பர்களுக்கு: ஒவ்வொரு காப்ளினுக்கும் (எதிரியாக வரும் குட்டிப் பூதம்) தனித்தனியாகப் பகடை உருட்டாதீர்கள். நாற்பது காப்ளின் உருட்டி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர்களின் கை ஃபோனுக்குப் போய்விடும்.

ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், டிஎம்முக்கான (ஆட்டத்தை நடத்துபவர்) 2014 கையேட்டிலேயே கும்பலுக்கு அருமையான வழி இருக்கிறது. அடி விழ இருபது முகப் பகடையில் 13 அல்லது 14 வேண்டுமென்றால், தாக்கும் மூன்று பேருக்கு ஓர் அடி என்று கணக்கு. பன்னிரண்டு பேர் சூழ்ந்தால் நான்கு அடி, அவ்வளவுதான். (இந்த ஆட்டம் கிளைத்ததே போர் ஆட்டங்களிலிருந்துதான். 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் ஆட்டத்தில் மேசையில் நிற்கும் ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம்.)

ஆனால் கணக்கைவிட முக்கியம், ஆடுபவர்களுக்குப் போருக்குள் ஒரு வேலை. "ஊர்மக்கள் தப்பும்வரை பாலத்தை ஐந்து சுற்று விடாமல் பிடியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சுற்று ஆறே நொடி, மொத்தம் அரை நிமிடம். அதை மேசையில் ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள்!

மற்ற படைகளுக்குச் சுற்றின் முடிவில் ஒரே வரி போதும்: இடது அணி உடைந்தது, கொடி சாய்ந்தது. அப்புறம், பாலத்தில் அவர்கள் செய்தது அடுத்த வரியை மாற்றியே ஆக வேண்டும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.