கழுவாத குக்கர்

2022 மார்ச்சில் ஒரு காலை, அம்மா பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது குக்கர் வெடித்தது. ஒரு விசில்கூட வரவில்லை. மூடி மேல் அலமாரியில் மோதி விழுந்தது. கொதிக்கிற பருப்பு அம்மாவின் வலது கையிலும் கழுத்திலும் கொட்டிவிட்டது. குக்கர் வாங்கி ஏழே மாதம்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த மறுநாளே கடையிலிருந்து ஆள் வந்தார். "பழசைக் குடுங்க சார், கம்பெனில பேசி புதுசு வாங்கித் தர்றோம்." நான் கொடுக்கவில்லை. சித்தி அதற்குள் மூடியைத் தேய்க்கப் போட்டிருந்தார், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பருப்பு காய்ந்து ஒட்டியிருந்த மூடி, வெயிட், கேஸ்கட், பில், வாரன்டி அட்டை எல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் பரணுக்குப் போயின. கடைசியில் வழக்கைத் தாங்கியது அந்தப் பெட்டிதான்.

வக்கீல் நோட்டீசுக்குக் கம்பெனி சொன்ன பதில்: அளவுக்கு மீறிப் பருப்பு போட்டிருப்பீர்கள், வேறு கேஸ்கட் மாட்டியிருப்பீர்கள். முப்பது வருடமாகக் குக்கரில் சமைக்கிறவர் அம்மா. அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவின்படி, உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதுமான எச்சரிக்கை தராதது இவற்றில் ஒன்று இருந்து அதனால் காயம்பட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு. ஆனால் குறையை நாம்தான் காட்ட வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மனு கொடுத்தோம், பரிசோதனைக் கட்டணத்தையும் நாங்களே கட்டினோம். ஆணைய ஊழியர் குக்கரைத் துணிப்பையில் வைத்துத் தைத்து, அரக்கை உருக்கி முத்திரை வைத்தபோது அம்மா கண்கலங்கிவிட்டார்.

நீராவி போகும் துளை சரியாகத் துளைக்கப்படவில்லை, பாதுகாப்பு வால்வும் திறக்க வேண்டிய அழுத்தத்தில் திறக்கவில்லை என்று அறிக்கை வந்தது. கேஸ்கட் அந்தக் கம்பெனியுடையதுதான். அப்புறம் அவர்கள் தரப்பில் பேச்சு குறைந்துவிட்டது.

ஒன்றரை வருடத்தில் உத்தரவு வந்தது: குக்கர் விலை, மருத்துவச் செலவு, இழப்பீடு. மேல்முறையீடு இல்லை, பணமும் வந்துவிட்டது. ஆனால் அதே சமயத்தில் தயாரான மற்ற குக்கர்களைத் திரும்பப் பெற உத்தரவிடுமாறு நான் மனுவில் கேட்கவில்லை. அப்போது தோன்றவேயில்லை, இன்றும் உறுத்துகிறது. மூடியில் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணைக் குறிப்பிட்டு, ஆய்வக அறிக்கையையும் இணைத்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.