வாஸ்கோட காமாவும் 600 ரூபாய் ஓட்டோவும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஓட்டோவில் 600 ரூபாய்! நடந்தால் கால் மணித்தியாலம்கூட ஆகாது. என் மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டதுமே ஆள் ஊருக்குப் புதுசு என்று கணக்குப் போட்டிருப்பார். "கிட்டத்தானே அண்ணை?" என்றேன். "சுத்தித்தான் போகவேணும்" என்றார். நன்றாகவே சுற்றினார்.

இறங்கியதும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதை வாஸ்கோட காமாவா கட்டினவர்?" அவனுக்கு விடுமுறை ஒப்படை, நாடுகாண் பயணிகளைப் பற்றி. காமா யாழ்ப்பாணத்துக்கு வரவேயில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தவன் போர்த்துக்கீசத் தளபதி ஒலிவேரா. 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்ததும் அவன்தான். 1658இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போய், பிறகு ஐந்து முனையோடு மாறியது. ஆனாலும் போர்த்துக்கீசக் கப்பல்களுக்கு இந்தப் பக்கம் பாதை திறந்துவிட்டவர் காமா.

ஒப்படையின் முதல் வரி, 'இந்தியாவைக் கண்டுபிடித்தவர்'. மதில் நிழலில் இருந்து அதற்கு ஒரு வகுப்பே எடுத்தேன். 1498இல் ஆபிரிக்காவின் மாலிந்தியில் ஏற்றிய ஒரு மாலுமிதான் காமாவைக் கோழிக்கோட்டுக்குக் கூட்டிவந்தார். அந்தக் கடலில் போய்வருகிறவர்களுக்கு அது பழகிய வழி. திரும்பும்போது காற்றுக்காலம் பார்க்காமல் புறப்பட்டதில், மூன்று வாரத்தில் கடந்த கடலுக்கு மூன்று மாதத்துக்கு மேல் பிடித்தது. ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கோழிக்கோட்டு அரசன் சாமூதிரிக்குக் கொடுக்கவென்று எடுத்துவைத்த பரிசுகள் தொப்பி, துணி, கைகழுவும் பாத்திரம், சீனி, தேன். அரண்மனை ஆட்கள் சிரித்தார்களாம். எங்கள் ஊரில் பால் காய்ச்ச அழைத்தாலே இதைவிட நல்லதாகக் கொண்டுபோவோம்.

1502இல் திரும்பி வந்தபோது மக்காவிலிருந்து வந்த யாத்திரிகர் கப்பலை, பெண்கள் குழந்தைகளோடு கொளுத்தினார். அதோடு எனக்கு எல்லாம் முடிந்தது. கரையே தெரியாத அத்திலாந்திக்கில் மாதக்கணக்காக ஓடிய துணிச்சலை மறுக்கவில்லை. அதற்காகக் கொண்டாட என்னால் முடியாது.

மறுநாள் நயினாதீவு. படகேறும் குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றாலும், இரண்டு பக்கமும் கடல் வந்ததும் வலி மறந்துவிட்டது. படகில் மேலே இடம் பிடியுங்கள், கீழே இயந்திரச் சூடும் டீசல் மணமும் தாங்காது. நாகபூசணி அம்மன் கோயிலில் அன்னதானம்: ஆவி பறக்கும் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, மோர். மூன்று தரம் வாங்கினேன். ஒரு சதம் செலவில்லை! ஓட்டோக் காசு பாதி ஆறிவிட்டது.

சாப்பாட்டைவிடப் பெரிய விசயம் அங்குள்ள கல்வெட்டு. பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது, காமாவுக்கு 300 வருடத்துக்கும் முந்தியது. அது சொல்வது இதுதான்: ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் அந்நியரைப் பாதுகாக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு. வேறு வணிகக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலுக்கே சட்டம் போடும் அளவுக்கு இந்தக் கடலில் போக்குவரத்து இருந்திருக்கிறது!

திரும்பும் படகில் பொடியன் 'கண்டுபிடித்தவர்' என்பதை வெட்டி 'போய்ச் சேர்ந்தவர்' என்று எழுதினான். "ரீச்சர் புள்ளி குறைச்சா?" என்றான். "என்னைக் கூப்பிடு" என்றேன்.

செலவுக் கணக்கும் எழுதலாம் என்றிருந்தேன், குறித்துவைத்த துண்டைத் தொலைத்துவிட்டேன். 600 மட்டும் மறக்கவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி, தங்குமிடத்துக்கு நடந்தே போனோம்.