ஜீட்டா: ஆண்டு மாறியும் அடங்காத புயல்

டிசம்பர் 30, 2005, வெள்ளி

இன்று மதியம் மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. பெயர் ஜீட்டா. இந்தப் பருவத்தின் 27-வது பெயர். பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது. கடல் காலண்டர் பார்ப்பதில்லை.

மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த புயல் வரைபடம் ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதில் அச்சடித்தவை 21 பெயர்கள், வில்மாவோடு சரி. க்யூ, யூ, எக்ஸ், ஒய், இசட் எழுத்துகளில் அட்லாண்டிக் புயல்களுக்குப் பெயர் வைப்பதில்லை. அந்த 21-உம் தீர்ந்துவிட்டதால் இந்த வருடம் கிரேக்க எழுத்துகளுக்குப் போனார்கள். ஆல்ஃபாவிலிருந்து எப்சிலன் வரை ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். இன்று ஜீட்டாவையும் சேர்த்தேன்.

புயல் இருப்பது நடு அட்லாண்டிக்கில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 24 டிகிரி வடக்கு. பக்கத்தில் ஒரு கரையும் கிடையாது.

டிசம்பர் 31, சனி

விடிந்ததும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். என்ன அழகு! தாழ்வான மேகங்கள் வரிவரியாக மையத்தைச் சுற்றி உள்ளே போகின்றன. மையத்தின் கிழக்கு ஓரமாக அடர்ந்த வெள்ளைத் திட்டு ஒன்று. இடிமேகம் குமுறி எழும் இடம். அதன் உச்சியிலிருந்து மெல்லிய இழைகள் கிழக்கே இழுபடுகின்றன. மேலே வீசும் மேற்குக் காற்று அதைத் தள்ளுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதைத்தான் ஷியர் என்கிறார்கள். கீழே ஒரு காற்று, மேலே வேறு காற்று என்றால் புயல் நிமிர்ந்து நிற்க முடியாது, சாய்ந்துவிடும்.

நாளை இந்த ஷியர் அதிகமாகும், புயல் வலுவிழக்கும் என்கிறது அறிக்கை. நாளை வரட்டும்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். இந்த வருடம் முழுக்க ஒவ்வொரு படத்தையும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாவில் விரிந்து கிடந்த படத்தை என்னால் மறக்க முடியவில்லை. அக்டோபர் 24-இல் வில்மா ஃப்ளோரிடாவில் எங்கள் ஃபோர்ட் லாடர்டேல் ஊர் மேலேயே கடந்து போனது. பக்கத்து வீட்டுக் கூரையில் இன்னும் நீலத் தார்ப்பாய்தான். எங்கே போகும், யார் தலையில் விழும் என்ற கேள்வி இல்லாமல் நான் பார்க்கும் புயல் இது. இப்போதுதான் புயலையே பார்க்கிறேன் என்று தோன்றுகிறது.

ஜனவரி 1, 2006, ஞாயிறு

புத்தாண்டு வாழ்த்துகள். ஜீட்டா இருக்கிறது!

ஆண்டு மாறினாலும் பெயர் மாறாது, 2005-இல் பிறந்ததால் 2005-இன் கணக்குதான். ஜனவரியில் உருவாகியிருந்தால் புதுப் பட்டியலின் முதல் பெயரான ஆல்பர்ட்டோ கிடைத்திருக்கும்.

இப்படி இரண்டு ஆண்டுகளைத் தொட்ட புயல் இதற்கு முன் ஒன்றே ஒன்றுதான்: ஆலிஸ். அதுவும் டிசம்பர் 30-இல்தான், 1954-இல், உருவானது. அன்று செயற்கைக்கோள் ஏது? அது புயல் என்று கண்டுகொள்ளும்போது 1955 பிறந்துவிட்டது. அதனால் 1955 பட்டியலின் முதல் பெயரை வைத்துவிட்டார்கள். பிறகு தரவுகளை ஆராய்ந்தபோதுதான் முந்திய ஆண்டே உருவானது தெரிந்தது. 1954 ஜூனில் ஏற்கெனவே ஓர் ஆலிஸ் வந்து ரியோ கிராண்ட் ஆற்றில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்திருந்தது. ஆக, ஒரே ஆண்டின் கணக்கில் இரண்டு ஆலிஸ். இரண்டாவது ஆலிஸ் ஹரிக்கேனாகவே, அதாவது கடும்புயலாகவே, கரீபியனின் லீவர்ட் தீவுகளுக்குள் புகுந்தது. ஜனவரி மாதத்தில் அந்தத் தீவுக்காரர்கள் எதை எதிர்பார்த்திருப்பார்கள்!

ஜனவரி 2, திங்கள்

அப்பா வேதாரண்யத்திலிருந்து போன் செய்தார். "என்னப்பா, மார்கழியில புயல் வர்றது ஒரு அதிசயமா?" என்றார். அவருக்கு அதிசயமில்லைதான். போன மாதம் 10-ஆம் தேதிதான் ஃபனூஸ் புயல் வலுவிழந்து அவர் ஊர்ப்பக்கம் கரையேறியது. வங்கக் கடலில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் காலம். இங்கே இந்நேரம் கடல் குளிர்ந்துவிடும், மேலே மேற்குக் காற்று கடுமையாகிவிடும். "அப்ப அது எப்படிப்பா நிக்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 3, செவ்வாய்

அப்பா கேட்டதற்கு வருகிறேன். கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸாவது சூடாக இருந்தால்தான் புயல் உருவாகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஜீட்டாவின் அடியில் அவ்வளவு சூடு கிடையாது. ஆனால் புயலுக்கு முக்கியம் கடலின் சூடு மட்டுமல்ல, கீழுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசம். வடக்கிலிருந்து இறங்கிய குளிர்முகப்பின் (குளிர்காற்றின் முன்விளிம்பு) மிச்சம் ஒன்று அங்கே தேங்கிக் கிடந்தது. மேலடுக்கில் குளிர்ந்த காற்றோடு ஒரு தாழ்வு. மேலே அவ்வளவு குளிர் என்றால், மிதமான கடலிலிருந்து எழும் ஈரக்காற்றே போதும், இடிமேகம் எழும்பிவிடும். அது நாள்கணக்கில் குமுறிக் குமுறி மையத்தைச் சூடாக்கியது. அப்படித்தான் குளிர்காலத்துத் தாழ்வு ஒன்று வெப்பமண்டலப் புயலாக மாறியது. டிசம்பர் தொடக்கத்தில் எப்சிலனும் இப்படித்தான் குளிர்ந்த நீரில் ஹரிக்கேன் ஆனது. அது வலுப்பெற்றதற்குத் தெளிவான காரணம் தெரியவில்லை, காரணம் ஒன்றைக் கற்பனை செய்து எழுதவும் போவதில்லை என்று அறிக்கையிலேயே எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே இவர்களின் குறிப்புகளை ஒன்று விடாமல் படிக்கிறேன்.

ஜீட்டாவின் காற்று இதுவரை அதிகபட்சம் மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர். மைய அழுத்தம் 994 மில்லிபார் வரை இறங்கியது. வில்மா தொட்டது 882. அதன் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் 'நாளை வலுவிழக்கும்' என்பதைத் தினமும் பொய்யாக்கிக்கொண்டு நிற்கிறது.

கரை இல்லை என்று எழுதினேன், ஆள் இல்லை என்று எழுதவில்லை. கேனரி தீவுகளின் லா கோமேராவிலிருந்து ஆன்டிகுவா வரை துடுப்புப் போட்டே அட்லாண்டிக்கைக் கடக்கும் போட்டி நவம்பர் 30-இல் கிளம்பியது. அந்தச் சிறு படகுகள் இன்னும் கடலில்தான் இருக்கின்றன. அவர்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று. வட கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அதன் தெற்கே மாட்டிய படகுக்கு மேற்கிலிருந்து எதிர்காற்று அடிக்கும். எவ்வளவு துடுப்பு வலித்தாலும் படகு பின்னால்தான் போகும். மிதவை நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அந்தச் சிறிய அறைக்குள் முடங்கிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மணிக்கு 65 மைல் சின்னப் புயல் என்று அவர்களிடம் சொல்லிவிட முடியுமா?

ஜனவரி 5, வியாழன்

ஷியர் வென்றுகொண்டிருக்கிறது. சுழற்சி மட்டும் மொட்டையாகத் தெரிகிறது, இடிமேகம் தள்ளிப்போய்விட்டது. விட்டுவிட்டு ஒரு கொத்து மேகம் எழும்பி, கிழக்கே கலைந்துபோகிறது.

ஜனவரி 6, வெள்ளி

முடிந்தது. மாலை அறிக்கைதான் கடைசி. பெர்முடாவுக்குத் தென்கிழக்கே மேகமில்லாத ஒரு சுழல் மட்டும் மிச்சம். ஜனவரியில் ஆலிஸைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்துவிட்டது என்று பதிவு செய்துவிட்டு, 2005-க்கு ஒருவழியாக விடை கொடுத்திருக்கிறார் அறிக்கை எழுதியவர். நல்லா தூங்குங்கள் ஐயா! பண்டிகை நாள் என்றும் பார்க்காமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளில்லாக் கடலைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தீர்கள்.

முதல் நாளிலிருந்து இறக்கிவைத்த படங்களை ஒரு சிடியில் போட்டிருக்கிறேன். 31-ஆம் தேதி காலைப் படம் அதில் தெளிவாக இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.