வீட்டு வைஃபையை டியூன் செய்து பார்த்தேன்: ஸ்பீட் டெஸ்டை விட்டுவிட்டு பிங்கைப் பிடித்த கதை

வீட்டுக்கு வருவது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் எப்போதும் 90க்கு மேல்தான் காட்டும், ஆனால் உள்ளறையில் உட்கார்ந்து அக்கா ஆபீஸ் மீட்டிங்கில் பேசும்போது குரல் விட்டு விட்டுத்தான் போகும். அதனால் இந்த முறை வேகத்தை விட்டுவிட்டு தாமதத்தை அளப்பது என்று முடிவு செய்தேன். ரவுட்டரில் ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருளைப் போட்டு வைத்திருந்ததால் எல்லா செட்டிங்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

முதலில் லேப்டாப்பில் இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டரின் சொந்த முகவரியான 192.168.1.1-க்கும் இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டேன். இதை எல்லோரும் முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்பேன், ஏனென்றால் கோளாறு காற்றிலா லைனிலா என்பது இதிலேயே பிரிந்துவிடும். எனக்கு இரண்டிலுமே இருந்தது. உள்ளறையிலிருந்து ரவுட்டருக்குப் போய்வரவே சில சமயம் 3 மில்லிவினாடி, சில சமயம் 200ஐத் தாண்டியது. நடுவில் இருப்பது இரண்டு செங்கல் சுவர்தான்.

சரி, ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில் முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸ். அனலைசர் ஆப்பில் பார்த்தால் எங்கள் அடுக்குமாடியில் யார் யாரோ 3, 4, 9 என்று நடுச் சேனல்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். சேனல்களுக்கு நடுவே இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு நெட்வொர்க்கோ 20 பிடிக்கும், அதனால் ஒன்றை ஒன்று மிதிக்காதவை 1, 6, 11 மட்டுமே. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்டு முறை வைத்துக் காத்திருக்கும். பாதி மேலே விழும் பக்கத்துச் சேனல்காரருடைய சிக்னல் நமக்கு வெறும் இரைச்சல், அங்கே முறை என்பதே கிடையாது. அதனால் ஆள் குறைவாகத் தெரிந்த 3ஐ எடுக்காமல், கொஞ்சம் கூட்டமாக இருந்தாலும் 11ஐ எடுத்தேன். அகலத்தை 40லிருந்து 20 ஆக்கினேன். 2.4இல் 40 வைப்பது அக்கம்பக்கத்துக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை.

அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம். 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் மெதுவான வேகங்களை அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு ரவுட்டரும் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று பீக்கன் அனுப்பும், அதுவும் இருப்பதிலேயே மிக மெதுவான வேகத்தில். 300 பைட் பீக்கன் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போக 2.5 மில்லிவினாடிக்கு மேல் ஆகும், 6 எம்பிபிஎஸ்ஸில் அரை மில்லிவினாடிகூட ஆகாது. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று கூடுதலாக வைத்திருந்தால் அதற்குத் தனி பீக்கன். இப்படி வீணாகும் காற்று நேரம்தான் நெரிசலான கட்டிடத்தில் உயிரை வாங்குகிறது. பிரிண்டர், ஸ்மார்ட் பிளக் எல்லாம் மாற்றத்துக்குப் பிறகும் ஒழுங்காக இணைந்தன.

5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் எல்லோரும் சேனல் 36இல் குவிந்திருந்தார்கள். சேனல் 100ஐ முயன்றேன். அது ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் டிஎஃப்எஸ் சேனல், ரேடியோ எழும் ஒவ்வொரு முறையும் 60 வினாடி சும்மா கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஹாலில் டிவியோடு இருக்கும் பழைய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு அந்தச் சேனல் கண்ணிலேயே படவில்லை, அதனால் 149க்கு வந்துவிட்டேன். அகலத்தை 80லிருந்து 40 ஆக்கியதும் லேப்டாப்பின் லிங்க் ரேட் (ரவுட்டரோடு இணைந்திருக்கும் வேகம், எம்பிபிஎஸ்ஸில்) 867லிருந்து 400க்கு இறங்கியது. 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அது தாராளம், அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபெல் குறையும், சுவர் தாண்டி நிற்பதற்கு அந்த 3 நன்றாகவே உதவியது.

பவரைக் கூட்டச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதற்காக எந்த நாட்டின் பவர் வரம்பு என்று ரவுட்டருக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டையே மாற்றுகிறவர்களும் உண்டு. அது சட்டப்படியும் தப்பு, பயனும் குறைவு. ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறவருக்கு தெருக்கோடியிலிருந்து ஒருவர் வாயால் பதில் சொன்னால் எப்படிக் கேட்கும்? போனின் சிறிய ரேடியோ அந்த நிலையில்தான் இருக்கிறது. நான் 2.4இன் பவரை 20 டிபிஎம்மிலிருந்து 14 ஆக்கினேன், அதாவது 100 மில்லிவாட்டிலிருந்து சுமார் 25. போன்கள் பிடிவாதமாக 2.4இல் தொங்குவது நின்று 5க்குத் தாவ ஆரம்பித்தன. பால்கனியில் மட்டும் சிக்னல் இளைத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகு ரவுட்டர் பிங் 10க்குள் அடங்கியது. 8.8.8.8 மட்டும் அடங்கவில்லை. நான் போனிலிருந்து படங்களை ஏற்ற ஆரம்பித்தால் அது 150, 200 என்று ஏறும். இது வைஃபை விவகாரமே இல்லை, லைனின் வாயில் பாக்கெட்டுகள் நீளமாக வரிசை கட்டி நிற்பதால் வருவது, பஃபர்புளோட் என்பார்கள். இந்த வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் எஸ்க்யூஎம் பேக்கேஜை நிறுவி, அதில் கேக் என்ற வரிசைப் பங்கீட்டு முறையைத் தேர்ந்தெடுத்து, இரு திசைக்கும் 90 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைத்தேன். லைனின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் வரிசை நம் ரவுட்டருக்குள் உருவாகும், கேக்கால் அதைப் பங்கிட முடியும். படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 20ஐத் தாண்டவில்லை. அக்காவின் மீட்டிங் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. உங்கள் ரவுட்டரில் எஸ்க்யூஎம் இருந்தால் மற்ற எதற்கும் முன்னால் இதைப் போடுங்கள்.

பீக்கன் இடைவெளி, ஆர்டிஎஸ் வரம்பு (எவ்வளவு பெரிய பாக்கெட்டுக்கு முன்அனுமதி கேட்க வேண்டும் என்ற அளவு) இரண்டையும் தொடவில்லை. குரல், வீடியோவுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம்மை அணைத்தால் கேம் வேகமாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம், அணைத்தால் 802.11என் என்ற புதிய தரத்தின் வேகங்களே கிடைக்காமல் 54 எம்பிபிஎஸ்ஸில் நிற்கும். டிகேஐபி என்ற பழைய குறியாக்கப் பாதுகாப்பு வைத்தாலும் அதே கதி.

மிச்சம் இருப்பது பால்கனி. கேபிள் டிவி வயர் போன குழாய் இப்போது சும்மாதான் இருக்கிறது, அதில் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்து அந்தப் பக்கம் இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வைக்கப் போகிறேன். அதற்கு 2.4இல் சேனல் 1, 5இல் 36, இரண்டிலும் பவர் குறைவாக.