லெக்ஸான் பாடி: மூலை முடுக்குக்குள் பெயின்ட் போய்ச் சேர

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார் பாடிக்குப் பெயின்ட் அடிக்கும் முறை சட்டென்று பிடிபடும். கண்ணாடித் தட்டின் மேல் முதலில் வண்ணக் கலவை, அதன் முதுகில் சிமெண்டும் மணலும். காய்ந்து கண்ணாடியை எடுத்தால் அடியில் கிடந்த பூதான் முகம். லெக்ஸான் பாடியும் இதே கணக்குதான். லெக்ஸான் என்பது கண்ணாடி மாதிரி தெளிவான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்; அந்தக் கூட்டின் உள்பக்கம் அடிக்கிறோம். முதலில் படிந்த பெயின்ட்தான் வெளியே தெரியும். பின்னால் எத்தனை கோட் அடித்தாலும் முதல் கோட்டின் குறையை மறைக்க முடியாது.

அகலமான பானட்டும் கூரையும் யார் அடித்தாலும் வந்துவிடும். பாடி மாட்டிக்கொள்வது பம்பரின் காற்றுத் துளைகளிலும், ஹெட்லைட் குழியிலும், கண்ணாடிகளுக்கு நடுவே வரும் ஒல்லித் தூண்களிலும், பின்பக்க ஸ்பாய்லரின் மடிப்பிலும்தான். குறுகலான குழிக்குள் ஸ்ப்ரே போனால் அதோடு போகும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது திரும்பி வந்து பெயின்ட் துளிகளையும் வெளியே தள்ளிவிடும். குழியின் அடி வெறிச்சென்று இருக்கும், விளிம்பில் மட்டும் பெயின்ட் தேங்கும். "இன்னும் பிடிக்கவில்லையே" என்று அங்கேயே அழுத்திப் பிடித்தால் வழிந்து அடியில் குளம் கட்டும். அந்தக் குளம் சீக்கிரம் காயாது. உள்ளே அடைபட்ட கரைப்பான் பாலிகார்பனேட்டைத் தின்று மயிரிழை விரிசல் விடும். முதல் மோதலில் பாடி அங்கேதான் உடையும்.

அதனால் மூலையில் தொடங்கி, அகலத்தில் முடியுங்கள். பானட்டையும் கூரையையும் முதலில் அடித்தால், மூலைக்காகத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது பக்கத்துப் பரப்பிலும் சேர்ந்து விழுந்து தடித்துவிடும்.

பெயின்ட் பாலிகார்பனேட்டுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஜப்பானிய மாடல் கம்பெனியான டாமியாவில் பி.எஸ். வரிசை, 100 மில்லி கேன். அதே கம்பெனியின் டி.எஸ். வரிசை கெட்டி பிளாஸ்டிக்குக்கானது, இதற்கு ஆகாது. ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேயும் வேண்டாம்: பாடி வளையும்போது அது கூடவே வளையாமல் செதில் செதிலாக உதிரும். தப்பாக விழுந்ததைத் தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது, பாடி வெளுத்து நொறுங்கும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு உள்பக்கத்தைக் கழுவுங்கள். குழிகளுக்குள் பழைய பல் பிரஷ் போகும்; அச்சில் இருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசை அங்கேதான் அதிகம் தங்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசியை இழுத்துக்கொள்ளும், தானாகக் காயட்டும். பாடியின் கீழ் ஓரத்து உபரியை 1 சென்டிமீட்டர் விட்டு முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். முழு ஓரத்தோடு அடித்தால் பம்பரின் கீழ் மடிப்புக்கு ஸ்ப்ரே போகும் வழியை அதுவே மறிக்கும். ஜன்னல் கண்ணாடிகளில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அவற்றின் வளைவில் அகல டேப் சுருங்கும். 2-3 மில்லிமீட்டர் டேப்பால் ஓரம் கட்டி, நடுவில் அகல டேப்பை நிரப்பி, நகத்தால் ஓரத்தை அழுத்துங்கள்.

கேனை 40 டிகிரியைத் தாண்டாத தண்ணீரில் சில நிமிடம் வைத்து, 2 நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பு, கொதிநீர் பக்கமே போகக்கூடாது. வாயு தீப்பற்றும் என்பதால் சாமி விளக்கு எரியும் இடத்துக்கு அருகிலும் வேண்டாம். கையுறையும் கரைப்பான் வாடையைத் தடுக்கும் முகக்கவசமும் கட்டாயம்.

பெரும்பாலானவர்கள் கேனைச் சாய்த்துக் கவிழ்த்து அடிக்கப் பார்க்கிறார்கள். கவிழ்த்தால் உள்ளே இருக்கும் குழாய் பெயின்டுக்கு எட்டாமல் வெறும் வாயு வரும், நடுநடுவே துப்பும். கேன் நிமிர்ந்தே இருக்கட்டும், பாடியைத் திருப்புங்கள். ஸ்பாய்லர் மடிப்புக்கு மூக்கு மேலே, பம்பருக்கு வால் மேலே. குழியை நேராகப் பார்த்து அடிக்காமல் ஒரு சுவரைச் சாய்வாகக் குறி வைத்தால், காற்று எதிர்ச்சுவர் வழியாக வெளியேறும். 12-15 சென்டிமீட்டர் தூரம், அரை நொடித் தட்டல், ஒவ்வொரு சுவருக்கும் ஒன்று. 10 நிமிடம் ஆறவிட்டு அடுத்தது. முதல் இரண்டு தட்டலில் புகை படிந்தது போல இருந்தால் போதும்; டேப் ஓரத்தில் கசிவதையும் அந்த மெல்லிய கோட்தான் அடைக்கும். நான்கைந்து சுற்றில் குழி நிறைந்ததும் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று முழுப் பாடியும் அடிக்கலாம்.

அப்படியும் எட்டாத இடத்துக்கு, கேனில் இருந்து சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் பீய்ச்சி, நுரை அடங்கியபின் மெல்லிய பிரஷால் ஒற்றி எடுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் கோடு வெளியே தெரியும். ஒரே நிறத்துக்கு இது சரிப்படும். மெட்டாலிக்கில் பிரஷ் பட்ட இடம் தனியாகத் தெரியும். அதற்கு அழுத்தக் காற்றால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்: முனை 0.3 மில்லிமீட்டர், காற்றழுத்தம் 15-20 பி.எஸ்.ஐ. போதும். காற்று குறைவாக வருவதால் குழியில் இருந்து திரும்பி அடிக்காது. கையில் ஏர்பிரஷ் இருந்தால் எல்லாக் குழிக்கும் அதையே எடுப்பேன்.

காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் துளி பாதி வழியிலேயே காய்ந்து, மூலையில் மாவு தூவினது போல் சொரசொரப்பாக ஒட்டும். காலை 7 மணியில் இருந்து 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், அடிப்பதானால் செம்மண் தூசி அடங்க முந்தின இரவே தண்ணீர் தெளித்துவிட்டால் காலையில் ஈரமும் இருக்காது. ஐப்பசி மழையில் தள்ளிப் போடுவதே நல்லது, ஈரக்காற்றில் பெயின்ட் வெளுக்கும்.

காய்ந்ததும் பாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கசியும் புள்ளிகள் எல்லாம் குழிகளிலும் தூண்களிலுமே இருக்கும். அவற்றை நிரப்பியபின், வெளிர் நிறங்களுக்கும் ஃப்ளூரசன்ட்டுக்கும் வெள்ளை, மெட்டாலிக்குக்குக் கறுப்பு என முதுகில் ஒரு கோட். அதிலும் மூலைதான் முதலில். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் மிச்ச ஓரத்தை வெட்டி, வெளிப்பக்கப் பாதுகாப்புப் படலத்தைக் கடைசியாக உரியுங்கள்.