அப்பாவின் பட்டியல்

நாங்கள் இருப்பது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் அப்பா வாயில் பழைய பெயர்தான் வரும். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தவர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை உடைப்பதற்கு முந்தின வருடம், எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் பால்மரம் வெட்டினார்கள் (மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தார்கள்), பிள்ளைகள் எத்தனை என்று 84 குடும்பங்களையும் கணினியில் தட்டி வைத்தார். வேறு பிரதி கிடையாது.

போன மாதம் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. இந்தச் சத்தம் கேட்டால் தாமதிக்கக் கூடாது. முதலில் அருமையான கோப்புகள், மற்றதெல்லாம் அப்புறம். 500 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் புதுவகை சேமிப்பகம்) ஒன்று வாங்கி விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். பழைய டிஸ்க்கை அப்படியே முழுசாக நகலெடுத்து, குளோன் செய்திருக்கலாம். ஆனால் சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்க ஒருமுறை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. பழையதை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மென்பொருள்களை மறுபடி நிறுவத்தான் வேண்டும். ஃபோல்டரை மட்டும் தூக்கி வைத்தால் பெரும்பாலானவை ஓடாது, விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அவற்றின் பதிவு இருக்காது.

எல்லாம் முடிந்தது என்று பட்டியலைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள், பக்கம் பக்கமாக. பின்னால் நின்றிருந்த அப்பா மெதுவாக, "போச்சாம்மா?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போகவில்லை. அப்பா தட்டியது முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கியது. கோப்பு திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்தது. திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128 முதல் 255 வரையுள்ள எண்களில் உட்கார்ந்திருக்கும். கோப்பில் இருப்பது எண் மட்டும்தான், அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. நான் கோப்பைக் கொண்டுவந்து எழுத்துருவை விட்டுவிட்டேன். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துப் புதியதில் நிறுவினேன். மறுபடி திறந்ததும் மூன்றாம் லயம், ஏழாம் வீடு, பாட்டியின் பெயர்.

இனி எழுத்துருவை நம்பி இருக்க வேண்டாம் என்று இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் சரிவராது. திஸ்கியில் பார்ப்பதுபோலவே கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். பாட்டி பெயர் 'வெ'யில் தொடங்கும். முதல் முயற்சியில் கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, 'வ' அடுத்து மொட்டையாக வந்தது. வரிசையை மாற்றும் மாற்றியில் போட்ட பிறகுதான் பெயர் கூடியது.

இரவு சாப்பிட்ட பிறகு அப்பா பழைய பட்டியலைப் படிக்கிறார், நான் புதியதைச் சரிபார்க்கிறேன். நேற்று நான்காம் லயம் முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பா நின்று ஒரு கதை சொல்வதால் மெதுவாகத்தான் போகிறது.