கையெழுத்துப் போடாமல் நின்ற சில நிமிடங்கள்

அப்பாவுக்கு 68 வயது. இருபது வருட சுகர், கிரியாட்டினின் (ரத்தத்தில் இது ஏறினால் கிட்னி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்) 1.6. "டை (ரத்தக்குழாய் படத்தில் தெளிவாத் தெரிய ஏத்தற மருந்து) ஏத்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க, கிட்னி தாங்காது" என்று எப்போதோ ஒருவர் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அன்று இரவு சாப்பிடும்போது வலது கை தட்டிலேயே விழுந்தது. வாய் கோணிவிட்டது, பேச்சு வரவில்லை. பக்கவாதம். அரை மணி நேரத்தில் அவசரப் பிரிவில் இருந்தோம். முதலில் சாதா சிடி, ரத்தக்கசிவு இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே தொடங்கினார்கள். அடுத்து டை ஏற்றி ஆஞ்சியோ, அதாவது மூளை ரத்தக்குழாய்களின் ஸ்கேன், எடுக்கவேண்டும் என்று நர்ஸ் படிவத்தை நீட்டினார். நான் பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, "இன்னிக்கு ரத்தம் பார்த்துட்டு எடுக்கலாமே" என்றேன்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். "ரிசல்ட் வர முக்கால் மணி நேரம் ஆகும்மா. பெரிய குழாய் அடைச்சிருந்தா நிமிஷத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பு செல் சாகுது. கிட்னியை நாங்க பாத்துக்கறோம்." கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது.

இடது பக்க மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுத்தார்கள், அதற்கும் டைதான்.

அடுத்த மூன்று நாள் என் கண் முழுக்க யூரின் பையின் கோடுகள் மேலேயே இருந்தது. டையால் பாதிப்பு வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் கிரியாட்டினின் ஏறிக் காட்டும் என்பதால் தினமும் ரத்தம் எடுத்தார்கள். சலைன் ஓடியது, சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவைத்தார்கள். இரண்டாம் நாள் கிரியாட்டினின் 1.8. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் 1.7, வீட்டுக்குக் கிளம்பும்போது பழைய 1.6.

பிறகுதான் படித்தேன். டையின் ஆபத்தை முன்பு மிகைப்படுத்தியிருந்தார்கள் என்று அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020-இல் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன. முக்கியமாகக் கவலைப்படவேண்டியது இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கு. அப்பாவுக்கு 46. அந்த ஒரு எண்ணை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் வாசலில் நின்று தடுத்திருக்க மாட்டேன்.

இப்போது அவர் ஃபைலின் முதல் பக்கத்தில் கடைசி கிரியாட்டினின், இஜிஎஃப்ஆர், மாத்திரைப் பெயர்கள், "டை அலர்ஜி இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பேச்சு திரும்பியபின் அப்பா ஸ்கேனைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "உடம்பு முழுக்க சுடுதண்ணி ஓடின மாதிரி இருந்துச்சும்மா."